நாற்பது கம்பெனிப் பூசணி எண்ணெய்

பென்னலூர்,
வியாழன், பிற்பகல் மூன்று மணி

அன்பிற்குரிய மாப்பிள்ளை எழிலரசன் அவர்களுக்கு, மாமா கோமதிநாயகம் எழுதுவது. நான், உங்கள் அத்தை, மகள் பிரவீனா மூவரும் சுகம். உங்கள் லேத் மெஷின் மட்டும் சற்று முன்பு வரை சுகமாக இல்லை. போனில் சொன்னால் நடுவில் நீங்கள் பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

ஆயுத பூஜையன்று வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் கம்பெனிக்குக் கம்பெனி வாசலில் திருஷ்டிப் பூசணி உடைத்தார்களே, அந்த விதையெல்லாம் லாரி டயரில் நசுங்குவதைப் பார்க்கப் பொறுக்காமல் சாக்கோடு போய் நாற்பது வாசலில் பொறுக்கினேன். "நாப்பது கம்பெனி கண்ணுபட்டதையும் மூட்டை கட்டி நம்ம வீட்டுக்குக் கொண்டாந்துட்டீங்களே" என்று உங்கள் அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். குங்குமம் போகக் கழுவி, காயவைத்து, செக்குக்காரரைக் கெஞ்சி ஆட்டியதில் அரை லிட்டர் எண்ணெய் தேறியது. சோப்புக்கு ஆகும், பெயின்டுக்கு ஆகும் என்று படித்தேன். பெயின்டுக்கு ஏன் ஆகும் என்பதைப் படிக்கவில்லை. முப்பது வருடம் தரக் கட்டுப்பாட்டில் இருந்து அடுத்தவன் சரக்கையெல்லாம் ரிஜெக்ட் செய்தவன், என் சரக்கைச் சோதிக்காமலே பாஸ் செய்துவிட்டேன். பட்டறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் ஓசூர் கிளம்பிய அன்றே லேத் முழுக்க அதைப் பூசினேன். மிச்சத்தையும் வீணாக்கவில்லை.

லீவு முடிந்து இன்று வந்த உங்கள் ஆபரேட்டர் மாரி கைச்சக்கரத்தைத் திருப்பினார், அது அசையவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஆயில் போட்டீங்களா, வார்னிஷ் அடிச்சீங்களா?" என்றார். காற்றுப் பட்டால் காய்ந்து தோலாகப் படிவது அந்த எண்ணெயின் குணமாம். ஆர்டர் தருகிற கம்பெனியின் இன்ஸ்பெக்டர் நான்கு மணிக்கு வருகிறார். மெஷின் ஓடாவிட்டால் உங்கள் மூன்று மாத அலைச்சல் என்னால் பாழ். மாரியை டீக்கு அனுப்பிவிட்டு, என் மானக்கேட்டை ஊர் பார்க்க வேண்டாமென்று ஷட்டரை முழுப்பலத்தோடு இழுத்து இறக்கி, மண்ணெண்ணெயும் கந்தலுமாகத் தேய்த்தேன். இப்போது லேத் அருமையாக ஓடுகிறது. நீங்கள் பதற வேண்டியதில்லை. இனி ஆயுசுக்கும் பூசணி விதையைத் தொடமாட்டேன்.

நீங்கள் தொட்டதெல்லாம் துலங்கட்டும்; நான் தொட்டது எதுவும் உங்கள் பட்டறைப் பக்கம் வராதிருக்கட்டும்.

ஆசிகளுடன்,
மாமா

பி.கு.: ஷட்டர் ஏறவில்லை, நான் உள்ளேயே மாட்டிக்கொண்டேன். மிச்ச எண்ணெயை ஷட்டர் ஓடும் பள்ளத்தில் விட்டது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. இன்ஸ்பெக்டர் வெளியே நிற்கிறார். மெஷின் சத்தம் சுத்தமாக இருக்கிறதாம், ஆனால் கண்ணால் பார்க்க வேண்டுமாம். ஷட்டரை அறுக்க ஆள் கூட்டிவர மாரி போயிருக்கிறார். அதுவரை காத்திருக்க அந்த நல்ல மனிதர் சம்மதித்துவிட்டார். உங்கள் அத்தை திருஷ்டி கழிக்கப் பெரிய பூசணிக்காயோடு வந்திருக்கிறாள். விதையை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.