முந்நூற்று ஒன்றாவது டாலர்

ஐயம்பேட்டை,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள லில்லிக்கு, உன் வீட்டுக்காரன் காசிநாதன் எழுதுவது. இங்கே நானும் நீ விட்டுப்போன ஊறுகாய் ஜாடியும் நலம். அங்கே நீயும், மகள் சுகாசினியும், மாப்பிள்ளை ஜோசுவாவும், பேத்தியும் குளிரில்லாமல் இருக்க வேண்டும்.

பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று கனடா போனவள் ஆறு மாதம் ஆக்கிவிட்டாய். அதில் எனக்கு வருத்தமில்லை, ரசம் வைக்கக்கூடக் கற்றுக்கொண்டேன். ஆனால் போன மாதம் போனில் குரலைத் தாழ்த்தி, "கொண்டாந்த காசு தீந்துபோச்சுங்க, பஸ்ஸுக்குக்கூட மாப்பிள்ளை கையைப் பாத்துக்கினு இருக்கறது வெக்கமா இருக்குது" என்றாயே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவன் பெண்டாட்டிக்கு பஸ் காசு இல்லையா?

உடனே நம் தேவேந்திரனிடம் யோசனை கேட்டேன். போன் ஆப்பில் அனுப்பினால்தான் செலவு கம்மி என்றான். ஷேர் ஆட்டோவிலேயே அதைத் திறந்தேன். அது என் முகத்தைப் பார்க்க வேண்டுமாம். சிரி என்றது, சிரித்தேன், கண்ணைச் சிமிட்டு என்றது, சிமிட்டினேன், இன்னொரு தரம் என்றது. எதிரே பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாள் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். அவள் உனக்கு என்ன சொல்லியிருந்தாலும் நடந்தது இதுதான். கடைசியில் ஆப்பும் என்னை நம்பவில்லை. அடையாள அட்டையில் மீசை இருக்கிறது, முகத்தில் இல்லை.

அதனால் பெரிய காஞ்சிபுரம் பேங்க்குக்கே போய், சுகாசினி கணக்குக்கு இருபதாயிரத்து ஒரு ரூபாய் அனுப்பினேன். வழியில் கமிஷன், வரி, டாலர் விலை என்று ஆளாளுக்குக் கிள்ளியது போக, போய்ச் சேர்ந்தது சரியாக முந்நூறு டாலர். மொட்டையாக முந்நூறு! நான் கூட வைத்த ஒன்று எந்தக் கடலில் விழுந்ததோ. நம் வீட்டில் யாருக்காவது அப்படிப் பூஜ்யத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறோமா? மறுநாளே ஓடி, இன்னும் ஒரு டாலர் அனுப்பச் சொன்னேன்.

பேங்க்கில் இருக்கும் ஸ்ரீகர் நல்ல பிள்ளை. "சார், ஒரு டாலர் அனுப்ப எழுநூறு ரூபா சார்ஜ் ஆகும் சார்" என்றான்.

"ஏம்பா, உங்க வீட்டுக் கல்யாணத்துல மொய் எப்படி எழுதுவீங்க?" என்று கேட்டேன்.

உடனே பணம் அனுப்பும் பாரத்தை எடுத்துக் கொடுத்தான்.

போய்ச் சேர்ந்துவிட்டது என்று சுகாசினி சேதி அனுப்பினாள். முந்நூற்று ஒன்று! அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். இனி நீ யார் கையையும் எதிர்பார்க்காமல் பஸ் ஏறலாம், ஜன்னல் ஓரமாக உட்காரலாம். தேவேந்திரன் மகள் துர்கா வெள்ளிக்கிழமை அங்கே வருகிறாள் என்று நேற்றுதான் தெரிந்தது. இந்தக் கடிதத்தையும் அப்பளத்தையும் அவளிடம் தருகிறேன்.

என் ஏகாம்பரநாதரும் உன் மாதாவும் சேர்ந்து உங்கள் எல்லோரையும் காக்கட்டும். பேத்திக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
காசிநாதன்

பி.கு. (வியாழக்கிழமை): கவரை ஒட்டப் போகும்போது சுகாசினி போன் செய்தாள். "பாப்பாவுக்குப் பேர் வெச்ச அன்னிக்கு அந்த முந்நூத்தி ஒண்ணையும் அம்மா கவர்ல போட்டு இவர் கையில குடுத்துட்டாங்கப்பா. கேட்டா, ஒண்ணுல முடியுது, உங்கப்பா மொய்க்குத்தான் அனுப்பியிருக்காருன்றாங்க. பஸ்ஸுக்கு மறுபடியும் இவர்கிட்டதான் கேட்டுக்கினு இருக்காங்க" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை லில்லி, சிரிப்புதான் வந்தது. நீ செய்ததுதான் முறை. உடனே போய் டாலராகவே மாற்றி, ஐம்பது டாலர் தாளாக ஆறு, மொத்தம் முந்நூறைத் துர்காவிடம் கொடுத்துவிட்டேன்; கூலியும் இல்லை, கமிஷனும் இல்லை. இந்த முறை வேண்டுமென்றே மொட்டையாகத்தான் அனுப்புகிறேன். தயவுசெய்து மாப்பிள்ளையிடம் ஒரு டாலர் கேட்டு வாங்கி அதோடு சேர்த்துவிடாதே.