பாப்பாரப்பட்டியில் நான் கலந்த புளி

பாடப்புத்தகத்துப் பால்காரர் தலைமுறை தலைமுறையாகப் பாலில் தண்ணீர் கலக்கிறார். அவர்மேல் ஒரு வழக்கு உண்டா? லாபம் எத்தனை சதவீதம் என்று கேட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறோம். நான் ஒரே ஒருமுறை, அதுவும் வாயால், கொஞ்சம் புளியைக் கலந்தேன். என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது. இது எந்த ஊர் நியாயம்?

அப்போது நான் தருமபுரியில் ஒரு கோச்சிங் சென்டரில் கணக்கு வாத்தியார். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. போன இடமெல்லாம், "சென்டர் வேலை நிரந்தரமுங்களா?" என்று கேட்டே அனுப்பிவைத்தார்கள். பாப்பாரப்பட்டியில் நித்யாவைப் பெண் பார்க்கப் போனபோது, "இந்த வூட்லயாவது வாயை மூடிக்கிட்டு மிச்சரைத் தின்னுடா" என்று சொல்லித்தான் அம்மா கூட்டிப்போனாள்.

நித்யாவின் அப்பா புளி வியாபாரி. கூடத்தில் சுவரோரம் புளி மூட்டைகள். பக்கத்தில் அவருடைய பங்காளி, கடத்தூரில் ஓட்டல் நடத்துகிறவர். "இவரு ஓட்டலுக்கு நம்ம புளிதானுங்க. சொந்தமாச்சே, பத்து பர்சென்ட் தள்ளித்தான் குடுக்கறது" என்றார் அப்பா பெருமையாக.

நித்யா குரூப் ஃபோர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டீயை வைத்துவிட்டு, "கலவையும் தள்ளுபடியும் சேர்ந்து வந்தா லாபக் கணக்கு எனக்குக் குழம்புதுங்க" என்றாள். (பெண் பார்க்கப் போன இடத்தில் என்னிடம் சந்தேகம் கேட்ட முதல் பெண். அங்கேயே விழுந்துவிட்டேன்.)

படிப்பவர் வீட்டிலிருந்தே உதாரணம் எடுக்க வேண்டும் என்பது எங்கள் சென்டர் வழக்கம். எடுத்தேன்.

"இப்ப உங்கப்பா கிலோ நூத்தியிருபது ரூபா புதுப் புளியும் அறுபது ரூபா பழைய புளியும் சரிபாதியா கலக்கறாருன்னு வைங்க. அடக்கம் தொண்ணூறு. மொத்தத்தையும் புதுசுன்னு நூத்தியிருபது விலை போடறாரு. சொந்தக்காரருக்குப் பத்து பர்சென்ட் தள்ளுபடி, நூத்தியெட்டு. லாபம் பதினெட்டு. தொண்ணூறுக்குப் பதினெட்டுன்னா இருபது பர்சென்ட்!"

ஓட்டல்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "போன மாசம் சாம்பார் கறுத்துக் கெடந்துச்சே, இதனாலதானா?"

அப்பா எழுந்துவிட்டார். "யாருங்க கலக்கறது? மூட்டையை அவுத்துப் பாருங்க!"

"விடை சரிதாங்கப்பா, இருபதுதான் வருது" என்றாள் நித்யா. (உதவி செய்கிறாளாம்!)

சமாதானமாகப் பேசுவதாக நினைத்து நான் குறுக்கே புகுந்தேன். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. கலக்காம வித்தா நூத்தியிருபது சரக்கு நூத்தியெட்டுக்குப் போவுது. உங்களுக்குப் பத்து பர்சென்ட் நட்டம்தானுங்களே?"

"அதானே! இத்தன வருசமா நட்டத்துக்கா எனக்குக் குடுத்தே?" என்று ஓட்டல்காரரும் எழுந்தார். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு, வீடு வந்து சேர்ந்த பிறகும் எரிந்தது. மிச்சரை ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. வழிமுறையில் பிழையா? விடையில் பிழையா? 'வைங்க' என்றுதானே சொன்னேன்! கணக்குக்கு வைத்துக்கொள்ளச் சொன்னால் மனதிலா வைத்துக்கொள்வார்கள்?

"நான் கேட்டதுக்குத்தான் சொன்னாரு, கட்டினா அவரைத்தான்" என்று நித்யா ஒற்றைக்காலில் நின்றதால் கல்யாணம் நடந்தது. பங்காளிகள் சமாதானமாக மட்டும் ஒரு வருடம் ஆனது.

அன்றிலிருந்து மாமனார் எங்களுக்குப் புளியை இரண்டு பைகளில்தான் கொண்டுவருகிறார். சொந்தபந்தம் கூடியிருக்கும் நேரமாகப் பார்த்து என் முன்னால் வைப்பார்.

"பழசு தனி, புதுசு தனிங்க மாப்ள. கலக்கறதுன்னா நீங்களே கலந்துக்குங்க. நம்ம குடும்பத்துல அந்தத் தொழில் உங்களுக்குத்தானே தெரியும்."