கடைசித் துண்டும் ஒரு சின்ன ஆஸ்பிரினும்

மனிதகுலம் கண்ட உன்னதங்களில் முதலிடம் சக்கரத்துக்கும் இல்லை, நெருப்புக்கும் இல்லை. கோத்தன்பர்க் நகரத்து மருத்துவமனை ஒன்றின் நான்காம் மாடியில் நடக்கும் 'ஒருங்கிணைந்த பராமரிப்புக் கூட்ட'த்துக்கே அந்தப் பெருமை உரியது. சக்கரம் உருண்டு எங்காவது போய்ச் சேர்ந்து தொலைக்கும். நெருப்பு எதையாவது வேகவைத்துவிடும். இந்தக் கூட்டத்துக்கு அப்படிப்பட்ட குறைகள் எதுவும் கிடையாது.

அதில் கலந்துகொள்ளும் பேறு பெற்றவர் ஸ்டெல்லன். ஐம்பத்தெட்டு வயது டிராம் ஓட்டுநர். பெருங்குடல் புண் நோய் இருபது வருஷம் அவரை ஓட்டுநர் இருக்கைக்கும் கழிப்பறைக்கும் நடுவே பந்தாடியது. கடைசியில் பெருங்குடலை முழுதாக எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மடித்து உள்ளேயே ஒரு பை தைத்தார்கள். சில மாதம் வயிற்றுக்கு வெளியே தொங்கிய பிளாஸ்டிக் பைக்கு விடைகொடுத்துவிட்டு, வழித்தடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இறங்கி ஓடாமல் வண்டி ஓட்டுகிற மனிதரானார். அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் இதயத்தில் ஒரு சின்ன ரத்தக்கட்டி வந்து அடைத்தது. எப்படியோ பிழைத்துக்கொண்டார்.

இதய டாக்டர் யெர்க்கர் சின்ன ஆஸ்பிரின் எழுதிக் கொடுத்தார். எழுபத்தைந்து மில்லிகிராம், தினம் ஒன்று, ஆயுள் முழுக்க. குடல் டாக்டர் ஸிக்ரிட் அதைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த ஜாதி மாத்திரைகள் பையைப் புண்ணாக்கலாம், ரத்தம் கசியலாம், தவிர்த்தால் நல்லது என்று கடிதம் போட்டார். இரண்டு பேருமே கடிதத்தின் கடைசி வரியில், மற்றவரின் கருத்தை மிகவும் மதிப்பதாகத் தெரிவித்திருந்தார்கள்.

ஸ்டெல்லனும் இருவரையும் மதித்தார். ஒரு நாள் விழுங்கினார், மறுநாள் விட்டார். விழுங்கிய நாளில் இடது கையை வயிற்றில் வைத்துக்கொண்டு டிராம் ஓட்டினார், விட்ட நாளில் நெஞ்சில். பை கெட்டுப்போனால் மறுபடி வெளியே பிளாஸ்டிக் பை. நெஞ்சு அடைத்தால் பையே தேவைப்படாது. வெளியில் சிரித்தாலும் மனுஷனுக்கு உள்ளூர நடுக்கம்தான்.

மனைவி அன்-ப்ரிட் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

“இது மாத்திரையா, லாட்டரிச் சீட்டா? யாராவது ஒரு டாக்டரைப் பிடிச்சு நேராக் கேட்டுத் தொலையேன்.”

“கேட்டேன். அவரு அந்தக் குடல் டாக்டரம்மாவைக் கேளுங்கறாரு. அந்தம்மா அவரைக் கேளுங்கறாங்க.”

“அப்போ ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டு.”

மருத்துவமனைக்கு இந்த யோசனை ஏற்கெனவே உதித்திருந்தது. ஒருங்கிணைப்பாளர் பெர்னில்லா தொலைபேசியில் அழைத்து, ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றை ஒதுக்கினார். அதை விட்டால் எல்லோரும் கோடை வீட்டுக்குப் போய்விடுவார்கள், ஆகஸ்ட் வரை இதயம், குடல் எதற்கும் ஆள் கிடையாது. இந்த மருத்துவமனையில் நோயாளிதான் மையம் என்றும் அவர் உறுதியளித்தார்.

அது வெறும் பேச்சில்லை. அறைக்குள் நுழைந்தால் மூன்று நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன, நட்டநடுவில் ஒரு சுழல்நாற்காலி. பேசுகிறவர் பக்கம் ஸ்டெல்லன் திரும்பிக்கொள்ள வசதியாம். இப்படியொரு தொலைநோக்கை வேறெந்த நாட்டில் பார்க்க முடியும்?

முதலில் காபியும் ஏலக்காய் ரொட்டியும். பிறகு ஒவ்வொருவரும் இன்று தமக்கு மனசு எப்படி இருக்கிறது என்று சொன்னார்கள். எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிக்க நாற்பது நிமிஷம் பிடித்தது. அப்புறம்தான் ஸ்டெல்லனுக்கு வாய்ப்பு வந்தது.

“தினம் போடணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க போதும்.”

“அருமையான கேள்வி,” என்றார் பெர்னில்லா. பச்சைப் பேனாவால் அதைப் பலகையில் எழுதி, சுற்றிலும் ஒரு மேகம் வரைந்தார்.

இதயத்தின் பக்கமிருந்து பார்த்தால் போடலாம், ஆனால் ஸிக்ரிட் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது என்றார் யெர்க்கர். குடலின் பக்கமிருந்து பார்த்தால் யோசிக்க வேண்டும், ஆனால் யெர்க்கர் சொல்வதைத் தாம் மறுக்கவில்லை என்றார் ஸிக்ரிட். ஸ்டெல்லன் இந்தப் பக்கம் சுழன்றார், அந்தப் பக்கம் சுழன்றார். பதினோரு சுற்றில் தலை கிறுகிறுத்தது. அதையும் பெர்னில்லா 'ஈடுபாடு' என்று குறித்துக்கொண்டார்.

இதற்குள் தட்டில் ஒரே ஒரு ரொட்டி மிச்சமாகியிருந்தது. கடைசித் துண்டை எடுப்பது எங்கள் கோத்தன்பர்க்கில் கொலைக்குச் சற்றே குறைந்த குற்றம். எனவே யெர்க்கர் அதில் பாதியை வெட்டி எடுத்தார். மீந்த பாதியில் பாதியை ஸிக்ரிட் எடுத்தார், அறுவைச் சிகிச்சைக்கே உரிய நிதானத்தோடு. அதிலும் பாதியைப் பெர்னில்லா. இப்படி இரண்டு சுற்று போனபின், தட்டின் நடுவே ஆஸ்பிரின் அளவுக்கு ஒரு துணுக்கு நின்றது. அதை யாரும் தொடவில்லை. உற்சாகம் பொங்கிய பெர்னில்லா, மாத்திரையையும் இப்படியே பாதியாக்கினால் இரு தரப்புக்கும் திருப்தியாக இருக்குமே என்றார். டாக்டர்கள் இருவரும் அதைப் பரிசீலிக்கத் தொடங்கிய நேரத்தில் ஸ்டெல்லனின் பை கூப்பிட்டது. அது யாருடைய கருத்துக்கும் காத்திருக்கிற வழக்கமில்லை. எழுந்து ஓடினார்.

ஆறு நிமிஷத்தில் திரும்பி வந்தால், மூன்று முகங்களிலும் ஒளி.

“முடிவாயிடுச்சா?”

“ஒருமனதா,” என்றார் பெர்னில்லா. “நீங்களே முடிவு பண்ணிக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்.”

ஒரு தாளை நீட்டினார். மூவரின் பெயர்களும் 'கலந்துகொண்டோர்' என்பதன் கீழே இருந்தன. அதற்கும் கீழே 'முடிவெடுத்தவர்' என்று போட்டு, ஒரே ஒரு கோடு.

ஸ்டெல்லன் பேனாவைக் கையில் வாங்கினார். அவர் யெர்க்கரைப் பார்த்தார்.

“டாக்டர், நான் டிராம் ஓட்டுறவன். பிரேக் போடட்டுமா வேண்டாமான்னு பயணிகளைக் கேட்டுக்கிட்டா ஓட்டறேன்? உங்க அப்பாவுக்கு இப்படி இருந்தா என்ன சொல்வீங்க?”

யெர்க்கர் ஜன்னலைப் பார்த்தார்.

“அப்பா கோடை வீட்டுல இருக்காரு. நல்லா இருக்காரு.”

ஸ்டெல்லன் பேனாவைக் கீழே வைத்தார். கையை நீட்டி, தட்டில் இருந்த அந்தத் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

காலையிலிருந்து எதற்கும் நிறம் மாறாத ஸிக்ரிட்டின் முகம் வெளுத்தது.

“அதை நீங்க... எடுத்துட்டீங்க.”

“ஆமா. யாராவது ஒருத்தர் எடுக்கணும்ல.”

கையெழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போனார். கோடை முழுதும் ஒரு நாள் விழுங்கினார், ஒரு நாள் விட்டார். ஒரு நாள் வயிறு, ஒரு நாள் நெஞ்சு. ஆகஸ்டில் எல்லோரும் வெயிலில் பழுத்துத் திரும்பியதும், மருத்துவமனையிலிருந்து கூட்டத்தின் தீர்மானங்கள் தபாலில் வந்தன. அன்-ப்ரிட் உரக்கப் படித்தாள்.

“தீர்மானம் ஒன்று. தினசரி ஆஸ்பிரின் குறித்து: நோயாளி யாரையும் சாராமல் தாமே முடிவெடுப்பார். தீர்மானம் இரண்டு. கடைசித் துண்டு குறித்து: இத்தகைய கடுமையான விஷயத்தில் நோயாளி இனிமேல் தனியாக முடிவெடுக்கக் கூடாது.”

முதல் தீர்மானத்தின் கீழே ஸ்டெல்லனின் கையெழுத்துக்காக அந்தக் கோடு இன்னும் காலியாகவே இருந்தது. இரண்டாவதன் கீழே மூன்று பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.