ஆகாயத்தில் ஒரு கங்காணி

மஹய்யாவ,
கண்டி.
4.6.2007 இல் தொடங்கி 15.6.2007 இல் முடித்தது.

சார்ஜாவில் விமானக் கொட்டகையில் வேலை பார்க்கும் அன்பு மகன் விமலநாதனுக்கு, உன் அப்பா வீரையா தன் கையாலேயே எழுதிக்கொள்வது. முதலில் நலம் என்று எழுதிவிட வேண்டும், கஷ்டங்களைப் பிறகு எழுத வேண்டும் என்று பஸீஹா டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஆகவே நலம். கஷ்டங்கள் பின்வருமாறு.

மகனே, இதுவரை உனக்கு வந்த கடிதங்கள் எல்லாம் அடுத்தவர் எழுதிக் கொடுத்தவை. நான் பத்து வார்த்தை சொன்னால் அவர்கள் நாலு எழுதிவிட்டு, பேனாவை மூடிவிடுவார்கள். இப்போது என்னை நிறுத்த ஆளில்லை. மாநகரசபையில் முப்பத்தாறு வருடம் சாக்கடைக் காண் வெட்டிய கை, அறுபத்தெட்டு வயதில் சனசமூக நிலையத்தில் பஸீஹா டீச்சர் முன்னால் உட்கார்ந்து 'ழ' எழுதுகிறது. 'ழ' எழுதி முடித்ததும் நான் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லா எழுத்தும் வந்துவிட்டன, ஒன்றைத் தவிர. சனிக்கிழமைக்கு அடுத்த நாள் ஒன்று இருக்கிறதே, அதன் முதல் எழுத்து இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் அந்த நாளை இந்தக் கடிதத்தில் நீ தேடாதே.

உன் கடிதத்தையும் நானே படித்தேன். நாலு சாயந்தரம் ஆனது. நீளமான சொல் வந்தால் முன்பாதியோ பின்பாதியோ, எது வாய்க்கு வருகிறதோ அதைப் படித்துவிட்டு மேலே போவேன், மீதி என்னவென்று தெரியும்தானே. அப்படிப் படித்துக்கொண்டு போனபோதுதான் என் தலையில் இடி விழுந்தது. உனக்கு வேலை மாற்றிக் கொடுத்திருக்கிறார்களாம், விமானங்களுக்குக் கங்காணி போடும் வேலையாம். அதையும் பிழையாக, 'கண்காணி' என்று எழுதியிருக்கிறாய். ஏ.எல். வரை படித்தவனுக்கு எங்கே 'ங்', எங்கே 'ண்' என்று தெரியவில்லையா? அடுத்த வரியில் இன்னொரு நீளச் சொல். முன்பாதி புரியவில்லை, பின்பாதி 'கோள்'. கோள் மூலமாக விமானம் எங்கே நிற்கிறது என்று அறிந்து நிலையத்துக்குச் சொல்லிவிடுமாம். கங்காணி என்றால் கோள் இல்லாமலா இருக்கும்? அதற்கும் கீழே, ஒவ்வொரு நொடியும் அந்த விமானம் தன் பெயர், உயரம், வேகம், போகும் இடம் எல்லாவற்றையும் கேட்காமலே சொல்லிக்கொண்டு பறக்க வேண்டுமாம். டேய், இது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம் அல்லவா? உன் தாத்தா விடியற்காலை மழையில் பிரட்டுக்களத்தில் நின்று பேர் சொன்னவர். ஒரு நாள் காய்ச்சலில் பேர் சொல்லப் பிந்தியதற்குக் கங்காணி துரையிடம் கோள் சொல்லி, லயத்து வீட்டிலிருந்து எங்களை இறக்கிவிட்டான். சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கண்டிக்கு நடந்து வந்தோம். அந்தக் குடும்பத்தில் பிறந்த நீ ஆகாயத்தில் கங்காணியா?

உன் அம்மா பரிமளத்திடம் அழுதேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே சொல்கிறாள், "மனுசனுக்கா போட்டான்? ஏரோப்பிளேனுக்குத்தானே கங்காணி. அது எங்க வந்து அழுவப்போவுது?" எனக்கு அந்த விமானத்தை நினைத்தால்தான் துக்கமாக இருக்கிறது. அதுவும் மஹய்யாவ ஆள் மாதிரி ஆகிவிட்டது. சந்திக்குச் சந்தி சோதனை: பேர் என்ன, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய். நாங்களாவது கேட்டால்தான் சொல்கிறோம்.

கஷ்டம் இதோடு நிற்கவில்லை. எழுத்தெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டுகிறது என்று மூக்குக் கண்ணாடி வாங்க அக்குறணைக்கு பஸ் ஏறினேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். அடையாள அட்டையை எடுக்கும்போது சட்டைப்பையிலிருந்து உன் கடிதமும் விழுந்தது. கடைசிப் பக்கத்தில் நீ ஒரு படம் கீறியிருந்தாயே! விமானம், அதற்கு மேலே சிறகு வைத்த பெட்டி, விமானத்திலிருந்து தரையைப் பார்த்து ஏழெட்டுக் கோடு. ஏப்ரலில் வடக்கிலிருந்து கொழும்புக்கு மேலே விமானம் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிருக்கிறது. இந்த நேரத்தில் ஒரு தமிழனின் பையில் இந்தப் படம். கோடுகளை ஏனடா கீழ்நோக்கி இழுத்தாய்?

என்னை ஒரு பலகை வாங்கில் உட்கார வைத்தார்கள். சார்ஜன்ட் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மகன் என்ன வேலை?" என்று தமிழில் கேட்டார். வெட்கத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். "கங்காணிங்க."

"பிளேன்ல கங்காணி? மேல தேயிலை இருக்கா?"

"அதுதாங்க எனக்கும் வெளங்கல."

பஸ்ஸில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஆளைத் தேடி, அக்குறணையில் இரும்புக்கடை வைத்திருக்கும் ஸெய்னுலாப்தீன் முதலாளியைக் கூட்டி வந்தார்கள். அவர் உன் கடிதத்தை வாசித்தார். ஓரிடத்தில் நின்றார். அந்த வரியை மறுபடி வாசித்தார். தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சார்ஜன்டிடம் சிங்களத்தில் சொன்னார்: இவர் சொல்வது சரி, மகன் கங்காணிதான், விமானம் கழுவும் ஆட்களை மேய்க்கிறான், அந்தக் கோடுகள் மழை.

சார்ஜன்ட் சிரித்த சிரிப்பில் தொப்பி ஆடியது. தன் சட்டையில் இருந்த பெயரைத் தட்டிக் காட்டினார். கங்கானம்கே! அவருடைய முப்பாட்டனாரும் கங்காணியாம், அதனால்தான் அந்தப் பரம்பரைப் பெயராம். "அப்ப நம்ம ஆள்!" என்று எனக்குப் பிளேன்டீ வரவழைத்தார். கங்காணிக்கு அப்பன் என்பதால் கிடைத்த தேநீர் எப்படி இறங்கியிருக்கும் என்று நீயே யோசி. உன்னைச் சுகம் விசாரித்ததாக எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன்.

பாலத்தைத் தாண்டியதும் முதலாளி என் கையைப் பிடித்தார். "ஐயா, மகனுக்குப் படம் ஒண்டும் கீற வாணாம்னு செல்லுங்க. நீங்க நல்லாப் படிங்க. ஆனா இண்டைக்கு நீங்க படிச்ச அளவு போதும், அல்லாஹ் காப்பாத்தினான்." என் படிப்பை அவர் அப்படிக் குறைத்துப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடி வாங்கினேன். பழகாத கண்ணாடியோடு எழுதினால் எழுத்துக் கோணிவிடும் என்று இன்னும் போடவில்லை.

முடிவாகச் சொல்கிறேன். அடுத்த மாதம் லீவில் வருவதாக எழுதியிருக்கிறாய். அந்த வேலையை விட்டுவிட்டு வருவதானால் வா. கங்காணியாக வருவதானால் இந்த வாசலை மிதிக்காதே. அம்மா அழுவாள், நானும் அழுவேன், இருந்தாலும் கதவு திறக்காது.

கதிர்காமக் கந்தன் உன்னைக் காக்க. வேளைக்குச் சாப்பிடு.

கோபமும் ஆசீர்வாதமும் சம அளவில் உள்ள உன் அப்பா,
வீரையா
(இது கையெழுத்து. பெருவிரல் அடையாளம் இல்லை.)

பி.கு. கண்ணாடியைப் போட்டேன். உன் கடிதத்தைப் பஸீஹா டீச்சர் பக்கத்தில் வைத்து, சொல்லைப் பாதியில் விடாமல் படித்தேன். கண்காணிப்புக் கருவி. செயற்கைக்கோள். பிழை உன்னுடையது இல்லை. விமானம் கடலிலோ மலையிலோ தொலையாமல் இருக்க வைக்கும் பெட்டி என்று டீச்சர் விளக்கினார். இங்கே காணாமல் போகிற மனிதருக்கு இப்படி ஒன்று இல்லையே என்று சொல்லிவிட்டு, கரும்பலகைக்கு வெண்கட்டி தேடுகிறவர் போலத் திரும்பிக்கொண்டார்.

முதலாளி ஏன் நெற்றியைத் துடைத்தார் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் சரியாகப் படித்திருந்தால் கண்காணிப்புக் கருவி என்று சரியாகவே சொல்லியிருப்பேன், இன்னும் அந்த வாங்கிலேயே இருந்திருப்பேன். நெஞ்சு இப்போதுதான் அடிக்கிறது. மேலே எழுதிய எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கிழிக்க மனம் வரவில்லை, பன்னிரண்டு நாள் எழுதியது. தபாலில் போடவும் மாட்டேன். முதலாளியின் மருமகன் சார்ஜாவுக்குப் போகிறான், அவன் உன் கையில் தருவான்.

வேலையை விடாதே. டீச்சர் அந்தக் கடைசி எழுத்தையும் கற்றுக் கொடுத்துவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை பார்த்து வா, கதவு திறந்திருக்கும். வழியில் என்ன வேலை என்று கேட்டால் கங்காணி என்று சொல். பிழையாகவே சொல் மகனே, 'ங்' போட்டு.