ஒண்ணுக்கும் கொள்ளாத நெஞ்சு

பாராட்டியே ஆளைக் கதிகலங்க வைக்கிறவர் எங்கள் குமரி மாவட்டத்தில் ஒரே ஒருவர்தான். நாகர்கோவிலில் நெஞ்சுக்கு எக்கோ எடுக்கும் கொள்ளாம் டாக்டர்.

எங்கள் பக்கம் 'கொள்ளாம்' என்றால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். மீன்கறி கொள்ளாம், மருமகன் கொள்ளாம். டாக்டருக்கோ நோய் அபூர்வமாக இருந்தால்தான் கொள்ளாம். நல்ல இதயத்தைக் கண்டால் முகம் சுளிப்பார். "ஒண்ணுக்கும் கொள்ளாது, எந்திச்சுப் போங்க!" திட்டு வாங்கியவர் வெளியே வந்து, "மக்கா, எனக்க நெஞ்சு ஒண்ணுக்கும் கொள்ளாதாம்லே!" என்று போனில் கூவுவார். காத்திருக்கும் மற்றவர்கள் பொறாமையில் வெந்துபோவார்கள்.

என் மனைவி சலோமி கடற்கரையூரான கடியப்பட்டணத்துக்காரி. படியேறினால் மூச்சு வாங்கியது. இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் நீர் கோத்திருந்தது. வேறோர் ஆஸ்பத்திரியில் காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார்கள். ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. மறுபடியும் நீர் கோத்தது. கடைசியில் கொள்ளாம் டாக்டரிடம் வந்து படுத்தாள். 'மாதாவே, இவர் திட்டிவிட வேண்டும்' என்று நான் பக்கத்தில் நின்று மனதுக்குள் கெஞ்சினேன்.

டாக்டர் திரையைப் பார்த்தார். கருவியைச் சாய்த்துப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"கொள்ளாமே!"

நான் அப்படியே சரிந்தேன். படுத்திருந்த சலோமிதான் எழுந்து என்னைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தாள்.

"சீக்கு எனக்காக்கும். நீங்க எதுக்கு விழுதிய?"

"உறையில ஒரு கட்டி மாதிரி தெரியுது. இந்த எடத்துல வாறது ரொம்ப அபூர்வம்," என்றார் டாக்டர். "என்ன கட்டின்னு எக்கோ வச்சுச் சொல்ல ஒக்காது. ஸ்கேன் வேணும். துண்டு எடுத்துப் பாக்கணும்."

"நீருல ஒண்ணும் இல்லன்னு சொன்னாவளே சாரே?"

"மீன்கறியில சாறை மட்டும் நக்கிப் பாத்தா என்ன மீனுன்னு தெரியுமா? துண்டு வேணும்லா?"

சலோமிக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியும் சாரே. சாளையா, அயலையான்னு மோந்தே சொல்லிருவேன்."

டாக்டர் ஸ்கேனுக்குச் சீட்டெழுதக் குனிந்துகொண்டார்.

துண்டை எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருந்த நாட்களில் நான் பாதியாகத் தேய்ந்தேன். டாக்டர் தாமாகவே போன் செய்வார்.

"ரிசல்ட் வந்துதா?"

"இல்ல சாரே."

"சாப்பிட்டியளா?"

"எங்க எறங்குது சாரே."

"எனக்கும்தான்," என்று சொல்லி வைத்துவிடுவார்.

புற்றுநோய் இல்லை, சாதுவான கட்டிதான் என்று முடிவு வந்தது. திருவனந்தபுரத்தில் நெஞ்சைத் திறந்து அதை எடுத்தார்கள். ஆனாலும் திரும்ப வரக்கூடும், அவ்வப்போது எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். மறுபடியும் கொள்ளாம் டாக்டரின் கட்டில். அவர் கருவியைச் சாய்த்துச் சாய்த்துத் திரையைப் பார்த்தார். இந்தமுறை நான் முன்கூட்டியே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

"சே, ஒண்ணுக்கும் கொள்ளாது!" என்று கத்தினார்.

கத்திவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் மறுபடியும் போக வேண்டும். இப்போதே எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நல்ல மனுஷன் வாயால் என் மனைவி இன்னொரு முறை திட்டு வாங்கிவிட்டால் போதும்.