செத்த கம்பிக்குப் பொருள் எழுதிய கதை

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நானும் உன் அத்தானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீ பிடித்துக் கொடுத்த வேலையை நான் விடுகிறேன். கோபித்துக்கொள்ளாதே. முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

"சும்மா உக்காந்து வார்த்தை பொறுக்குற வேலை அக்கா, மூக்குக்கண்ணாடியை மட்டும் எடுத்துட்டுப் போனாப் போதும்" என்று சொல்லித்தானே அனுப்பினாய்? அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவளுக்கு மின் நிலையத்தின் கலைச்சொல் கையேடு என்ன பெரிய காரியம் என்று நானும்தான் நினைத்தேன். தொழில்நுட்பச் சொல் நானூறு, நிதிச் சொல் இருநூறு, ஒவ்வொன்றுக்கும் தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரி விளக்கம். அவ்வளவுதான். இடம்தான் சரியில்லை. புதுக் கட்டடத்தில் மேஜை காலி இல்லையென்று, எட்டு வருஷத்துக்கு முன் மூடிய முதல் யூனிட்டின் கட்டுப்பாட்டு அறையில் என்னைக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். சுவர் முழுக்க மீட்டர்கள். எல்லா முள்ளும் பூச்சியத்தில் படுத்துக் கிடக்கும். பக்கத்து ஹாலில் டர்பைனைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள், அது இருந்த இடத்தில் பெரிய குழி. நான் தும்மினால் அந்தக் குழிக்குள்ளும் ஒருத்தி தும்முவாள், கொஞ்சம் தாமதமாக.

மேஜையில் ஒரு கறுப்பு ஃபோன், எண் சுழற்றும் வட்டம்கூட இல்லாதது. இரண்டாம் நாள் காலை பதினொன்றே காலுக்கு அது அடித்தது. எடுத்தேன்.

"லோடு எவ்வளவு?" என்றது ஓர் ஆண் குரல்.

"யாருங்க?"

"லோடு சொல்லுங்கம்மா, எழுதணும்."

எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று கேட்கிறார் போல என்று எதிரே இருந்த பெரிய மீட்டரைப் பார்த்தேன். "பூச்சியம்ங்க."

"சரி" என்றார். காகிதத்தில் பென்சில் ஓடுவது கேட்டது. அவருக்குப் பின்னால் ஏதோ பெரிய இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, அந்த இரைச்சல் என் பல் வரைக்கும் வந்து கூசியது. மறுநாளும் அதே நேரம், அதே கேள்வி. நானும் பூச்சியம், பூச்சியம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். தினமும் ஒரு மனுஷன் மெனக்கெட்டுக் கூப்பிடுகிறாரே என்று நான்காம் நாள் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டேன். பென்சில் ஓடுவது நின்றது. பிறகு, "அதெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சும்மா" என்றார். வயிற்றுக் கோளாறு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கையேடு பற்றிக் கேட்டார். நான் வாசிக்க, அவர் திருத்தினார். தம்பி, அப்படி ஒரு வாசகர் எனக்கு அச்சகத்தில் ஒருநாளும் கிடைத்ததில்லை. சுழல் கையிருப்பு என்றால் என்னவென்று எந்தப் பொறியாளர் சொல்லியும் புரியாததை அவர் ஒரே மூச்சில் சொன்னார்: "மெஷின் ஓடிக்கிட்டே இருக்கும், ஆனா முழுசா வேலை வாங்க மாட்டாங்க. கூப்பிட்டா உடனே வரும்." நான் சொன்னேன், "எங்க வீட்டுல ஒருத்தர் இருக்கார். ஓடவும் மாட்டார், வேலையும் செய்ய மாட்டார், கூப்பிட்டாலும் வர மாட்டார். அதுக்கு ஏதாவது வார்த்தை இருக்கா?" சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். மீட்டர் முட்கள் எல்லாம் ஒரு தடவை லேசாகத் துடித்து அடங்கின.

நிதிச் சொற்கள்தான் அவருக்குப் பழக்கமில்லை. நிதிப் பிரிவு அதிகாரி அம்மாள் சொல்லிக் கொடுத்ததை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். தேய்மானம் என்றால், இயந்திரத்தின் விலையை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொண்டே வருவது. பயன்பாட்டு ஆயுள் என்றால், அது எத்தனை வருஷம் உழைக்கும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. எச்ச மதிப்பு என்றால், எல்லாம் கழிந்த பிறகு மிஞ்சுகிற பழைய இரும்பு விலை.

"முதல் யூனிட்டுக்கு ஆயுள் முடிஞ்சுதுன்னு போட்டாங்களா?"

"போட்டுட்டாங்க. எச்ச மதிப்பு மட்டும்தான் மிச்சம்."

அவர் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "அப்போ என்னை எதுல எழுதியிருக்காங்கம்மா?" என்றார்.

ஃபோனை வைத்துவிட்டு நிதி அம்மாளிடம் ஓடினேன். அவர் வந்து, மேஜைக்கு அடியில் குனிந்து ஒயரை இழுத்தார். ஒரு முழ நீளம் வந்தது. முனையை வெட்டி, டேப் சுற்றி வைத்திருந்தார்கள். டேப்பின் மேல் எட்டு வருஷத்துத் தூசி. வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னால், பேப்பரை இறக்காமலே, "லைன் கட்டான ஃபோன்னா பில் வராது, தாராளமாப் பேசு" என்கிறார். இந்த மனுஷரோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா நீ?

மறுநாளும் ஏன் போனாய் என்பாய். நல்ல வாசகரை யாராவது விடுவார்களா? ஃபோன் அடித்தது, எடுத்தேன். அவர் முந்தின நாளைப் பற்றிப் பேசவேயில்லை. "இன்னைக்கு என்ன வார்த்தை?" என்றார். வாசித்தேன்: "செத்த கம்பி. மின்சாரம் நிறுத்தப்பட்ட கம்பி. தொடலாம்."

"அழிங்க."

"மேல ஒப்புதல் கொடுத்துட்டாங்களே..."

"அழிங்கம்மா. நிறுத்தினது வேற, செத்தது வேற. மறுமுனையிலேருந்து கரண்ட் வரும். நிலத்தோட இணைச்சு எர்த் பண்ணுற வரைக்கும் எந்தக் கம்பியையும் செத்ததுன்னு எழுதாதீங்க. எங்க புத்தகத்துலயும் இப்படித்தான் போட்டிருந்துச்சு. நான் நம்பினேன்."

அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. கருத்துக் கேட்பதற்காக அந்தப் பக்கத்தின் நகல்களைக் காலையிலேயே பட்டறைக்கு அனுப்பியிருந்தேன். பழைய யூனிட்டின் கம்பிகளைக் கழற்றும் வேலை அன்றைக்குத்தான் தொடக்கம். ஃபோனை வைத்தேனா, அந்தரத்தில் விட்டேனா, நினைவில்லை. அறுபத்திரண்டு வயதில், ஒரு செருப்பு வழியிலேயே கழன்றுபோக, சரளைக்கல்லில் ஓடினேன். எலக்ட்ரீஷியன் ஏணியின் உச்சியில் இருந்தார், கீழே இரண்டு உதவியாட்கள் ஏணியைப் பிடித்திருந்தார்கள். கம்பிக்கும் அவர் கைக்கும் ஒரு ஸ்பேனர் நீளம்தான்.

"இறங்குப்பா!" என்று கத்தினேன்.

"என்னம்மா நீங்க, கம்பி செத்துப்போச்சு. பேப்பர்லயே போட்டிருக்கு."

"அது நான் எழுதின பேப்பர்தான். தப்பா எழுதிட்டேன், இறங்குப்பா!"

முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். என் வாயை அடைப்பதற்காக நிலத்தோடு இணைத்த நீளமான எர்த் கோலை எடுத்துக் கம்பியில் வைத்தார். படாரென்று ஒரு வெடிச்சத்தம், நீலமாய் ஒரு வெளிச்சம். பட்டப்பகலில் எங்கள் எல்லோருடைய நிழலும் ஒரு கணம் வேறு பக்கமாக விழுந்தது. எண்ணிப் பார்த்தேன் தம்பி. நாங்கள் நான்கு பேர். நிழல் ஐந்து.

எலக்ட்ரீஷியன் தரையில் உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா உங்களுக்குச் சொன்னது?" என்றார். நான் கழன்ற செருப்பைத் தேடப் போனேன்.

அன்று மாலை நிதி அம்மாள் பழைய பேரேட்டைத் தேடி எடுத்து வந்து ஒரு வரியைக் காட்டினார். "விபத்து இழப்பு: பீங்கான் இன்சுலேட்டர் மூன்று, கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர் ஒருவர்." முதலில் இன்சுலேட்டர்தான். நாள் முழுக்க எண்களோடு குடித்தனம் நடத்துகிற அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அதை ஃபோனில் பேசுகிறவரிடம் எப்படிச் சொல்வது என்று இரவெல்லாம் யோசித்து, மறுநாள் போனேன். ஃபோன் அடிக்கவில்லை. பத்து நாளாக அடிக்கவில்லை. நானே எடுத்து "பூச்சியம்ங்க" என்று சொல்லியும் பார்த்தேன். இரைச்சல்கூட இல்லை. பயந்துபோய் விடுகிறேன் என்று உன் அத்தானைப் போல நீயும் கேலி செய்யாதே. அந்த அமைதியில் என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மிச்சச் சொற்களுக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஏணி ஏறாத வேலைக்குப் போகட்டும். வீட்டுக்காரியிடம் நான் விசாரித்ததாகச் சொல். நீங்கள் எல்லோரும் நீண்ட ஆயுளோடு இருங்கள், எவரும் முன்கூட்டியே எழுதிவைக்காத ஆயுளோடு.

இப்படிக்கு,
அக்கா

பின்குறிப்பு: இதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். ஃபோன் அடித்தது. எடுத்தால், ஒரு பெண் குரல். "தப்பைத் திருத்துற அம்மா நீங்கதானே? கொதிகலன் பத்தின பக்கத்துல ஒரு வார்த்தை இருக்கும்மா, எங்களுக்கு அதைத் தப்பாச் சொல்லிக் கொடுத்துட்டாங்க" என்றாள். அவளுக்குப் பின்னால் தொண்டையைச் செருமிக்கொண்டும், கால் மாற்றிக்கொண்டும் ஒரு கூட்டம் நிற்பது கேட்டது. "எத்தனை பேரும்மா இருக்கீங்க?" என்று கேட்டேன். "உங்களுக்கு ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும்?" என்று கேட்டாள். மேலே எழுதியது அத்தனையும் ரத்து. வேறு ஆள் யாரையும் பார்க்கச் சொல்லாதே. சிவப்பு மைப் பேனா மட்டும் ஒரு பெட்டி அனுப்பு, பெரிய பெட்டியாக.