விசிலுக்கு நிற்காத விமானம்

பிரியமுள்ள மாப்பிள்ளைக்கு, ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான உங்கள் மாமனார் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். என் ஓய்வுக்கு நீங்கள் வாங்கித் தந்த ரிமோட் விமானத்துக்குத்தான் உடம்பு சரியில்லை. எங்கள் பொறுப்பில் விட்டுப்போன உங்கள் கார் உறை போட்டபடி பத்திரமாக இருக்கிறது.

"வெளையாட்டு சாமான்தான் மாமா, ஒரே வாரத்துல கத்துக்குவீங்க" என்றீர்களே, அதை நம்பி மைதானத்துக்குப் போனேன். சர்வீஸ் முழுக்க ஒரு கீறல் விழாமல் ஓட்டி, 'விபத்தில்லா ஓட்டுநர்' என்று கேடயம் வாங்கி ஹாலில் மாட்டியவன் நான், இந்தத் தெர்மாகோல் சமாசாரம் எம்மாத்திரம்? கிளம்பியது என்னவோ ஜோராகத்தான் கிளம்பியது. ஆனால் என் பஸ்ஸிலேயே கண்டக்டராக இருந்து என்னைக் கட்டிக்கொண்டவள் அல்லவா உங்கள் மாமியார், விமானம் மரத்துப் பக்கம் போனதும் பழைய விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினாள். ஒற்றை விசிலுக்கு வண்டியை நிறுத்தியே பழகிய கை, மோட்டாரை அணைத்துவிட்டது. பஸ் என்றால் நிற்கும். இது நம் தெருமுனைப் பல் டாக்டர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது. "ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல ஏங்க எறக்குனீங்க?" என்கிறாள், விசில் ஊதினவளே!

ஒட்டுப் போட்டு மறுபடி பறக்கவிட்டால் வேறு வம்பு. விமானம் நம்மை விட்டுப் போகும்போது வலது வலதுதான். நம்மைப் பார்த்து வந்தாலோ எல்லாம் தலைகீழ், மாற்றித் திருப்ப வேண்டுமாம். நான் ஓட ஓட அது என்னையே குறிவைத்து வந்து மூக்குக்கண்ணாடியைப் பெயர்த்தது. உடனே வீட்டில் பயிற்சி. உங்கள் மாமியார் விமானத்தைக் கையில் ஏந்தி, விசில் ஊதிக்கொண்டே நடையில் எதிரே வருவாள். நான் விசிலுக்கு நிற்காமல் மாற்றித் திருப்புவேன். இப்போது தூக்கத்தில்கூடக் கை அப்படித்தான் திரும்புகிறது.

இதற்கிடையில் அவள் கேடயத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள். "ஒருவாட்டி ஒழுங்கா எறக்கிக் காட்டுங்க, அப்புறம் மாட்டலாம்." மாப்பிள்ளை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வெறும் ஆணியைப் பார்த்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகாயத்தில் நடப்பது விபத்துக் கணக்கில் சேராது என்று நீங்கள் ஒரு வரி எழுதிப்போட்டால் போதும். நான் சொன்னால் கேட்காதவள் நீங்கள் சொன்னால் கேட்பாள்.

நீங்களும் மகளும் குறையொன்றுமில்லாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தரையில் விபத்தே அறியாத
உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: அந்த ஒரு வரி இனி வேண்டாம். இன்று காலை விமானம் பூப்போல இறங்கியது. உங்கள் மாமியாரே கைதட்டிக் கேடயத்தை மாட்டினாள். சந்தோஷம் தாங்காமல் அவளை ஒரு ரவுண்டு கூட்டிப்போக உங்கள் காரை எடுத்தேன். தெருமுனையில் குப்பை வண்டி எதிரே வந்தது. எதிரே வந்தால் கை என்ன செய்யும்? மாற்றித் திருப்பியது. பக்கத்தில் இருந்தவள் ஒற்றை விசில் ஊதினாள். விசிலுக்கு நிற்கக் கூடாது என்று நான் எவ்வளவு பாடுபட்டுப் பழகியிருக்கிறேன்! பல் டாக்டர் வீட்டுச் சுவர்தான் நிறுத்தியது. கேடயத்தை இந்த முறை நானே கழற்றிவிட்டேன். விமானம் உறை போட்டபடி பத்திரமாக இருக்கிறது.